நஷ்ட ஈட்டில் முதல் பங்கு யாருக்கு?

அமெரிக்காவில் வேலையின்போது அடிபட்டவருக்கு இரண்டு பக்கமிருந்து பணம் வர வாய்ப்புண்டு. ஒன்று, முதலாளி எடுத்து வைத்திருக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. யார் மீது தவறு என்று பார்க்காமல் மருத்துவச் செலவையும் சம்பளத்தில் ஒரு பகுதியையும் அது கொடுத்துவிடும். இன்னொன்று, விபத்துக்குக் காரணமான வெளியார் மீது அவர் போடும் நஷ்ட ஈட்டு வழக்கு. அந்த வழக்கு சமரசமாகிப் பணம் வரும் நேரத்தில், ஏற்கெனவே இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம் வந்து நிற்கும். "நாங்கள் கொடுத்ததை முதலில் எடுத்து வையுங்கள்" என்று கேட்கும். அப்படிக் கேட்கச் சட்டம் அதற்குக் கொடுத்திருக்கும் அதிகாரம்தான் லீன் எனப்படும் பற்றுரிமை.

இந்தப் பற்றுரிமையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. ஒரு டாலர்கூட விடாமல் வசூலிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. இரண்டையும் ஏற்க முடியவில்லை. பற்றுரிமையின் அடிப்படை நியாயமானது. ஆனால் கிடைத்த பணம் பட்ட நஷ்டத்தைவிடக் குறைவாக இருக்கும்போது அதை வசூலிக்கும் முறை பல மாநிலங்களில் நியாயம் தவறுகிறது. அந்தத் தவறு எங்கே நுழைகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பழைய ஒப்பந்தம்

இழப்பீட்டுச் சட்டங்கள் வருவதற்கு முன் அடிபட்ட தொழிலாளி முதலாளி மீது வழக்குப் போட்டு, அவருடைய கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் தோற்றார்கள். நியூயார்க் மாநிலம் 1910இல் கட்டாய இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 1911 மார்ச் 24 அன்று அந்த மாநிலத்தின் உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. மறுநாள் நியூயார்க் நகரின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். 1913இல் மாநில அரசமைப்பைத் திருத்தி, 1914இல் புதிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அது செல்லும் என்று 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தச் சட்டம் ஒரு கொடுக்கல் வாங்கல். தொழிலாளி தன் முதலாளி மீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு, தவறை நிரூபிக்காமலே உடனடி உதவி பெற்றார். ஆனால் அந்த உதவி முழு நஷ்ட ஈடு அல்ல. பொதுவாகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்; அதற்கும் உச்சவரம்பு உண்டு. வலிக்கும் வேதனைக்கும் ஒரு காசும் கிடையாது. வெளியார் மீது வழக்குப் போடும் உரிமை மட்டும் தொழிலாளியிடமே இருந்தது. அந்த வழக்கில் பணம் வந்தால், முன்னால் கொடுத்தவர் கணக்கை எப்படித் தீர்ப்பது என்ற கேள்வியும் அங்கேயே பிறந்துவிட்டது.

நியூயார்க் கணக்கு

இதை விளங்கிக்கொள்ள நியூயார்க் நல்ல களம். அங்கே உயரத்தில் வேலை செய்பவர் போதிய பாதுகாப்பில்லாமல் விழுந்தால் கட்டட உரிமையாளரையும் மேல் ஒப்பந்ததாரரையும் நேரடியாகப் பொறுப்பாக்கும் சட்டம் இருக்கிறது. அதன் வேர் 1885இலேயே உண்டு. அதனால் துணை ஒப்பந்ததாரரிடம் வேலை பார்ப்பவர் சாரத்திலிருந்து விழுந்தால், தன் முதலாளியின் காப்பீட்டில் இழப்பீடும் வாங்குவார், மற்றவர்கள் மீது வழக்கும் போடுவார். இரண்டு பணமும் சந்திக்கும் இடம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வண்ணம் பூசும் தொழிலாளி ஒருவர் விழுந்து முதுகெலும்பு உடைகிறது. காப்பீட்டு நிறுவனம் இதுவரை 1,20,000 டாலர் கொடுத்திருக்கிறது. மேல் ஒப்பந்ததாரர் மீது போட்ட வழக்கு 3 லட்சம் டாலருக்குச் சமரசமாகிறது. வழக்கறிஞர் கட்டணம் வழக்கம்போல் மூன்றில் ஒரு பங்கு, 1 லட்சம். மற்ற செலவுகளை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இந்த வழக்கு காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதன் பணத்தை மீட்டுத் தந்திருக்கிறது. ஆகவே அதுவும் வழக்குச் செலவில் தன் பங்கைத் தர வேண்டும். 1,20,000இல் மூன்றில் ஒன்றான 40,000 கழிந்து, நிறுவனத்துக்குப் போவது 80,000. தொழிலாளிக்கு மிஞ்சுவது 1,20,000.

கணக்கு இங்கே முடியவில்லை. தொழிலாளியின் கைக்கு வந்த பணம் தீரும் அளவுக்கு, இனிமேல் தர வேண்டிய வாரத் தொகையையும் நிறுவனம் நிறுத்திக்கொள்ளலாம். அதாவது வழக்கினால் அது கொடுத்த பணமும் திரும்புகிறது, கொடுக்க வேண்டிய பணமும் மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்கும் சேர்த்து அது வழக்குச் செலவில் பங்கு தர வேண்டும் என்று 1983இல் கெல்லி வழக்கில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எதிர்கால மிச்சத்தின் இன்றைய மதிப்பு 90,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் பெற்ற மொத்தப் பயன் 2,10,000. அதன் செலவுப் பங்கு 70,000. திரும்பப் பெறுவது 50,000 மட்டுமே. தொழிலாளிக்கு 1,50,000. இந்த ஒரு தீர்ப்பு தெரியாத வழக்கறிஞரிடம் மாட்டினால், நம் கணக்கில் தொழிலாளி இழப்பது 30,000 டாலர்.

எதிர்காலத் தொகையைத் துல்லியமாக மதிப்பிட முடியாத பகுதி ஊன வழக்குகளில் என்ன செய்வது? 2007இல் பர்ன்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது: ஊகத்தில் ஒரு மொத்தத் தொகையைக் கழிக்க வேண்டாம், வாரத் தொகை சேரச் சேர நிறுவனம் தன் செலவுப் பங்கைத் தரட்டும். 2012இல் பிசல் வழக்கில், எதிர்கால மருத்துவச் செலவும் அதேபோல் முன்கூட்டி மதிப்பிட முடியாதது என்று தீர்ப்பானது.

நிறைகள்

இந்த முறையின் முதல் நிறை, சுமை சேர வேண்டிய இடத்தில் சேர்வது. சாரத்தைச் சரியாகக் கட்டாதவர் ஒருவர். மருத்துவமனைச் செலவைக் கொடுத்தவர் இன்னொருவர். பற்றுரிமை இல்லையென்றால் ஒழுங்காகப் பிரீமியம் கட்டிய முதலாளியின் தலையில் அந்தச் செலவு நின்றுவிடும். பணம் திரும்பினால் அவருடைய இழப்புக் கணக்கு குறையும். அடுத்த ஆண்டுப் பிரீமியத்திலும் அது தெரியும்.

இரண்டாவது, தொழிலாளி காத்திருக்க வேண்டியதில்லை. நஷ்ட ஈட்டு வழக்கு பல ஆண்டுகள் இழுக்கும். அதுவரை அறுவை சிகிச்சைக்கும் வீட்டு வாடகைக்கும் பணம் தருவது இழப்பீட்டுக் காப்பீடுதான். பின்னால் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை கொடுப்பவருக்கும் வேண்டும். இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 167ஆம் பிரிவில் வேறு வழியில் போகிறது: வேலையில் இருந்தவர் வாகன விபத்தில் சிக்கினால் தொழிலாளர் இழப்பீடு, மோட்டார் விபத்து நஷ்ட ஈடு இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம். அவசரத்துக்கு விரைவில் கிடைப்பதைத் தேர்ந்தெடுத்தவர் பெரியதை இழக்க நேரலாம். இரண்டையும் வாங்கிக்கொள், பின்னால் கணக்குத் தீர்ப்போம் என்கிற அமெரிக்க முறை இந்த இடத்தில் மேலானது.

மூன்றாவது, ஒரே மருத்துவச் செலவுக்கு ஒருவர் இரண்டு முறை பணம் வாங்குவதைத் தடுக்கிறது. 80,000 டாலர் மருத்துவமனைச் செலவைக் காப்பீடு கட்டிவிட்டது. எதிர்த்தரப்பும் அதே 80,000ஐ முழுமையாகத் தருகிறது. அதில் காப்பீட்டு நிறுவனத்தின் பங்கைத் திருப்பித் தருவதில் எந்த அநியாயமும் இல்லை.

ஆனால் இந்த மூன்றாவது நிறை ஒரு நிபந்தனையோடு வருகிறது. எதிர்த்தரப்பு முழுமையாகக் கொடுத்திருந்தால்தான் அது செல்லும்.

குறைகள்

அதே தொழிலாளிக்கு இன்னொரு கணக்குப் போடுவோம். அவர் வேலை பார்த்தது இரண்டு குடும்பம் வசிக்கும் சிறு வீட்டில். வேலையை மேற்பார்வையிடாத அத்தகைய வீட்டுக்காரரை மேலே சொன்ன சட்டம் தொடாது. மேல் ஒப்பந்ததாரரிடம் இருப்பது 1 லட்சம் டாலர் காப்பீடு மட்டும், வேறு சொத்தில்லை. தொழிலாளியின் உண்மையான நஷ்டம், வலியும் வேதனையும் சேர்த்து, 6 லட்சம். கிடைத்தது ஆறில் ஒரு பங்கு. கட்டணம் போக 66,667. காப்பீட்டு நிறுவனத்தின் நிகரப் பற்றுரிமை 80,000. ஆக, மிச்சம் முழுவதையும் நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். வழக்குப் போட்டவருக்குப் பூஜ்யம். கைக்கு எதுவும் வராததால் வாரத் தொகை நிற்காது என்பது மட்டுமே ஆறுதல்.

இங்கே எந்த இரட்டை வசூல் நடந்தது? எதுவும் இல்லை. காப்பீடு கொடுத்ததும் சமரசத்தில் வந்ததும் சேர்ந்தால்கூட நஷ்டத்தில் பாதியைத் தொடவில்லை. இரட்டை வசூலைத் தடுக்க வந்த கருவி, ஒற்றை வசூல்கூட முடியாதவரிடம் பறிக்கிறது.

நடைமுறையில் இந்தக் கடுமையைக் குறைப்பது பேரம். தனக்கு ஒன்றுமே மிஞ்சாது என்றால் தொழிலாளி சமரசத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். அப்போது நிறுவனத்துக்கும் வசூலாகாது. அதனால் வழக்கறிஞருக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று என மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் உருவாகியிருக்கிறது. எதிர்காலத் தொகையையும் சேர்த்து, நியூயார்க் சட்டத்தின் 32ஆம் பிரிவில் மொத்தமாக முடித்துக்கொள்வதும் உண்டு. இது பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் சட்டத்தில் உரிமையாக இருக்க வேண்டியது, வசூல் பிரிவில் உட்கார்ந்திருப்பவரின் மனத்தையும் வழக்கறிஞரின் பேச்சுத் திறமையையும் நம்பி நிற்கிறது. ஒரே காயம் பட்ட இருவரில் ஒருவருக்கு 33,000 டாலர் கிடைத்து இன்னொருவருக்கு ஒன்றுமில்லாமல் போவதை எந்த நீதியாலும் விளக்க முடியாது.

இரண்டாவது குறை, இல்லாததற்கு வசூலிப்பது. இழப்பீட்டுக் காப்பீடு வலிக்கு எதுவும் தருவதில்லை. ஆனால் பல மாநிலங்களில் வலிக்காகக் கிடைத்த பணத்திலும் பற்றுரிமை பாய்கிறது. கணவரோ மனைவியோ தன் துணையின் அன்பையும் உதவியையும் இழந்ததற்காகப் பெறும் தனித் தொகையை மட்டும் நியூயார்க் விட்டுவைக்கிறது. அந்த நியாயம் தொழிலாளியின் சொந்த வலிக்கும் பொருந்தாதா?

மூன்றாவது, முதலாளியின் தவறு கணக்கில் வராதது. விபத்தில் சாரம் கட்டியவருக்குப் பாதிப் பொறுப்பு, பாதுகாப்புக் கச்சை தராத முதலாளிக்குப் பாதிப் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி முதலாளி மீது வழக்குப் போட முடியாது. அந்த முதலாளியின் காப்பீட்டு நிறுவனமோ குறைவில்லாமல் பற்றுரிமை கோருகிறது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1961இல் விட் வழக்கிலேயே இதைச் சரிசெய்யத் தொடங்கியது. அங்கே முதலாளியின் தவறும் சேர்ந்திருந்தால், அவர் பங்கின் அளவுக்குப் பற்றுரிமை குறையும். மற்ற மாநிலங்கள் பின்பற்ற வேண்டிய வழி அது.

நான்காவது, கையெழுத்துப் பொறி. சமரசத்துக்கு முன் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். நியூயார்க்கில் ஒப்புதல் கிடைக்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். தவறினால் எதிர்கால உதவியே போய்விடக்கூடும். துறைமுகத் தொழிலாளர்களுக்கான கூட்டாட்சிச் சட்டம் இதில் இன்னும் கடுமையானது. 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கோவார்ட் வழக்கைப் பாருங்கள். கடல் எண்ணெய் மேடையில் கையில் அடிபட்டவர் மேடை உரிமையாளருடன் 45,000 டாலருக்குச் சமரசம் செய்தார். அவர் கைக்கு வந்தது 29,350 டாலர். அந்த 45,000ஐக் கொடுத்ததே, வேறொரு ஒப்பந்தத்தின்படி, அவருடைய முதலாளிதான். சமரசம் நடப்பது முதலாளிக்கு முழுமையாகத் தெரியும். ஆனாலும் குறித்த முறையில் எழுத்தில் ஒப்புதல் வாங்கவில்லை என்பதற்காக அவருடைய எதிர்கால உரிமை முழுவதும் போயிற்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள். நீதிபதி பிளாக்மன் உள்ளிட்ட மூவர் உடன்படவில்லை. ஒப்புதல் விதி முதலாளிக்குத் தெரியாமல் குறைந்த தொகைக்கு முடிப்பதைத் தடுக்க வந்தது. தெரிந்தே பணம் கொடுத்தவரை யாரிடமிருந்து காப்பாற்றியது அது?

ஐந்தாவது, பட்டியல். பற்றுரிமைத் தொகை என்று நிறுவனம் அனுப்புவது பெரும்பாலும் வரி வரியான கொடுப்பனவு அச்சு: தேதி, பெயர், குறியீடு, தொகை. அதை வரி வரியாகப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். முதுகு அடிபட்டவரின் பட்டியலில் வேறு நோய்க்கான சிகிச்சை இருக்கும். தொழிலாளியின் கோரிக்கையை மறுப்பதற்காக நிறுவனம் தன் சார்பில் அனுப்பிய மருத்துவரின் கட்டணம் இருக்கும். செலவைக் கட்டுப்படுத்த அமர்த்திய மேலாண்மைச் செவிலியரின் கட்டணம் இருக்கும். இவை தொழிலாளிக்குக் கொடுத்த உதவிகள் அல்ல. நிறுவனத்தின் தொழில் செலவுகள். கேள்வி கேட்காமல் கடைசி வரியில் உள்ள மொத்தத்தை ஏற்பது வழக்கறிஞரின் கடமைத் தவறு என்றே சொல்வேன்.

ஒரே பணம், பல மாநிலம்

நம் தொழிலாளியின் 1 லட்சம் டாலரை மற்ற மாநிலங்களுக்குக் கொண்டுபோவோம். கட்டணத்துக்குப் பிறகு எங்கும் 66,667 என்று வைத்துக்கொள்வோம்.

டெக்சாஸ்: முதல் பணம் காப்பீட்டு நிறுவனத்துக்கே. தொழிலாளிக்குப் பூஜ்யம்.

விஸ்கான்சின்: மிச்சத்தில் மூன்றில் ஒன்றை முதலில் தொழிலாளிக்குத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவருக்கு 22,222, நிறுவனத்துக்கு 44,444. பேரத்துக்கு இடமில்லாத தெளிவு இதன் பலம். ஆனால் வழக்கில் நிறுவனமும் பங்காளி என்பதால், தொழிலாளி விரும்பாத சமரசத்தை நீதிமன்றம் அவர் மீது சுமத்தலாம் என்று 2014இல் அங்கே தீர்ப்பாகியிருக்கிறது. இது அதன் பெரிய பலவீனம்.

மாசசூசெட்ஸ்: வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகையைப் பற்றுரிமை தொடாது என்று 2016இல் டிகார்லோ வழக்கில் அதன் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பாதித் தொகை வலிக்கு என்று நீதிபதி ஏற்றால், இருவருக்கும் 33,333.

ஜார்ஜியா: தொழிலாளியின் நஷ்டம் முழுதாக ஈடாகியிருந்தால்தான் பற்றுரிமை. ஆறில் ஒன்றே கிடைத்தவரிடம் எதுவும் கேட்க முடியாது. 66,667ம் அவருக்கே. இரக்கமுள்ள விதிதான். ஆனால் மொத்தமாக ஒரு தொகைக்கு முடிந்த சமரசத்தில் எது முழு ஈடு என்று நிறுவனத்தால் நிரூபிப்பது மிகவும் கடினம். அதனால் நியாயமாகத் திரும்ப வேண்டிய பணமும் சில நேரம் திரும்பாது.

பூஜ்யம் முதல் 66,667 வரை: ஒரே உடைந்த முதுகெலும்புக்கு, மாநில எல்லையைத் தாண்டினால் இவ்வளவு வித்தியாசம்.

நடுவழி

இவற்றைவிட நேர்மையான அளவுகோல் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டின் சட்டத்திலிருந்து கிடைக்கிறது. 2006இல் ஆல்போர்ன் வழக்கில் விபத்துக்கு உள்ளானவரின் நஷ்டம் 30 லட்சம் டாலருக்கு மேல்; சமரசம் 5,50,000. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆர்கன்சா மாநிலம் தான் செலவிட்ட 2,15,645 டாலர் முழுவதையும் கேட்டது. சமரசத்தில் மருத்துவச் செலவைக் குறிக்கும் பகுதிக்கு மேல் எடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. மாநிலத்துக்குக் கிடைத்தது 35,581 டாலர். அது மெடிக்கெய்டு சட்டத்தின் விளக்கம். தொழிலாளர் இழப்பீட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் கணிதம் இங்கேயும் பொருந்தும். நம் தொழிலாளிக்கு ஆறில் ஒன்றுதான் கிடைத்தது என்றால் 1,20,000 பற்றுரிமையும் ஆறில் ஒன்றாக, 20,000 ஆகட்டும். கட்டணப் பங்கு போக நிறுவனத்துக்கு 13,333, தொழிலாளிக்கு 53,333. முழுத் தொகை கிடைத்தால் நிறுவனமும் முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். குறைவை இருவரும் ஒரே விகிதத்தில் தாங்குவதுதான் இதில் உள்ள நீதி.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. முழு நஷ்டம் எவ்வளவு என்று யார் சொல்வது? தொழிலாளியும் எதிர்த்தரப்பும் கூடிப் பேசி நஷ்டத்தை ஊதிப் பெருக்கலாம். வலிக்கு என்று பெரும்பகுதியை எழுதிக்கொள்ளலாம். இந்த அச்சம் பொய்யல்ல. மாசசூசெட்ஸ் இதற்கு வழி வைத்திருக்கிறது: இரு தரப்பையும் கேட்ட பிறகே சமரசத்துக்கு நீதிமன்றமோ தொழில் விபத்து வாரியமோ ஒப்புதல் தருகிறது. அரை நாள் விசாரணை கூடுதலாகும். அந்தச் செலவு, வாழ்நாள் முழுக்க ஊனத்தோடு இருக்கப்போகிறவர் வெறுங்கையோடு போவதைவிடப் பெரிதல்ல.

ஆகவே என் முடிவு இது. பற்றுரிமை இருக்க வேண்டும். அது நஷ்டம் ஈடான விகிதத்துக்கு மேல் போகக் கூடாது. முதலாளியின் தவறு அதிலிருந்து கழிய வேண்டும். விஷயம் தெரிந்திருந்த நிறுவனம் கையெழுத்துக் குறையைக் காட்டி எதிர்கால உதவியைப் பறிக்க அனுமதிக்கக் கூடாது. இவை சட்டமன்றங்கள் செய்ய வேண்டியவை.

அதுவரை அடிபட்டவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். அலுவலக வேலையாகப் போகும் வழியில் காரில் அடிபட்டாலும் இந்தப் பற்றுரிமைக் கேள்வி வரலாம். சமரசத் தாளில் கையெழுத்திடும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: காப்பீட்டு நிறுவனம் கொடுத்ததன் வரி வரியான பட்டியல், அதன் எழுத்துப்பூர்வ ஒப்புதல், எல்லாம் போக உங்கள் கைக்கு வரும் தொகையும் அதன் பிறகு வாரத் தொகை தொடருமா நிற்குமா என்பதும். இந்த மூன்றும் கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.